சேலம், நாமக்கல் சமவெளியில் சொத்துப் பங்கீடும் முன்னேற்பாடும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கிணற்றுப் பாசன ஊர்களில் சொத்து தலைமுறை மாறும் வழிகள் பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம், உயில் ஆகியவை. பத்திரப் பதிவு இல்லாமல் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொள்ளும் கூர்ச்சீட்டும் உண்டு. நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்றுதான் தனி மாவட்டம் ஆனது. அதனால் இராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துக் குடும்பங்களின் பழைய பத்திரங்களில் சேலம் மாவட்டம் என்றே இருக்கும்.

நிலத்தை அளந்து பிரித்துவிடலாம்; கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே நல்ல பாகப் பத்திரத்தில் ஏக்கர் கணக்கைவிட நீளமாக இருக்க வேண்டியது கிணற்றுப் பங்கும் தண்ணீர் முறையும்தான். மோட்டாரை யார் எந்த நாள் ஓட்டுவது, மின் இணைப்பு யார் பெயரில் இருப்பது, தூர் வாரும் செலவு எப்படி, பின்காட்டுக்காரர் வண்டி எந்த வழியே போவது என்பதை எழுதாமல் விட்ட பத்திரம், அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இருக்கும் வரைக்குமே செல்லும்.

பெண் பிள்ளைகளின் பங்கு

கூர்ச்சீட்டு வலுவிழந்த இடம் இது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்கு மணமாகாத மகள்களைப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்காளி ஆக்கியது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற பிரிவை நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினைக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. வாய்மொழிப் பாகம் என்ற வாதத்தை, அரசு ஆவணங்கள் உறுதியாகத் துணை நிற்காவிட்டால் ஏற்க வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 'சீர் செய்தாயிற்று' என்பது வீட்டுப் பேச்சு. சீர் செய்ததால் மகளின் பங்கு போய்விடாது. அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் போகும்.

தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்து இன்னும் பழைய கதை. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற அருணாசல கவுண்டர் வழக்கில், 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் வாங்கிய சொத்து பற்றி 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்பே, ஆண் வாரிசு இல்லாமல் இறந்தவரின் சுயார்ஜிதம் சகோதரர் வழிக்குப் போகாமல் மகளுக்கே சேரும் என்றது நீதிமன்றம்.

செட்டில்மெண்டும் உயிலும்

குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டண உச்சவரம்பு 10,000 ரூபாய். செலவு குறைவு என்பதால் பலரும் இதை நாடுகிறார்கள். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். மனம் மாறினால் எழுதியவரே தன்னிச்சையாக ரத்து செய்ய இயலாது. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளைகள் பராமரிக்கத் தவறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். நிபந்தனை பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே குரலில் பேசவில்லை. எனவே அதையும், ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையையும் எழுதி வைப்பதே அறிவு.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் போதும். உறையில் இட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவரையாவது நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்பதால், எழுதுபவரைவிட வயதில் மூத்த ஊர்ப்பெரியவரைச் சாட்சி போடும் வழக்கம் மரியாதையானதே தவிர உதவாது.

வங்கிக் கணக்கின் நாமினி, பணத்தை வங்கியிடமிருந்து பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். அவரே வாரிசு என்று பொருளில்லை. லாரி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு கெடுவும் உண்டு: உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 3 மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

உயிரோடு இருந்தும் இயலாத காலம்

இறப்புக்கு இத்தனை ஏற்பாடு இருக்க, பக்கவாதத்தில் படுத்துவிட்டவருக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 'பவர் எழுதி வச்சிருக்கு' என்று நம்பியிருப்பார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். குடை மழையில்தான் மடங்குகிறது. இங்கிலாந்தில் நினைவு தப்பிய பின்னும் நீடிக்கும் அதிகாரப் பத்திரம் எழுத முடியும். இந்தியாவில் அதற்கு இணையான சட்டம் இல்லை. மனநலச் சட்டம் 1987-இல் இருந்த சொத்துப் பாதுகாவலர் ஏற்பாடும் 2017 சட்டத்தில் இடம்பெறவில்லை.

ஆகவே கோமாவில் கிடப்பவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்கக் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கிறது. 2024-இல் அப்படி வந்த ஒரு மனைவியைக் கணவரின் பாதுகாவலராகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு நியமித்து, சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்தது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள வயதுவந்த பிள்ளைகளுக்கு மட்டும், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவே பாதுகாவலரை நியமிக்கிறது.

இந்த வரம்புக்குள் குடும்பத்தால் செய்துகொள்ளக்கூடியவை சில. அன்றாடச் செலவுக்கு, இருவரில் யாரும் பணம் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கு. நிலத்தில், நினைவு தெளிவாக இருக்கும்போதே முடித்த பாகப்பிரிவினையும் தனிப் பட்டாவும். உடலைப் பொறுத்தவரை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்ற முன் மருத்துவ விருப்ப ஆவணம். இதற்கு முதலில் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அது தளர்த்தப்பட்டு, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன் கையெழுத்திட்டால் போதும் என்றாயிற்று.