எம்டனில் ஏறாத பயணி

எம்டன் கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பதற்கு எங்கள் ஊரில் யாரும் சாட்சி கேட்டதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு பொழிந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் அது. சொல்பவருக்கு ஏற்ப அதில் பிள்ளையின் பதவி மட்டும் மாறும். ஒருவர் வாயில் பொறியாளர், இன்னொருவர் வாயில் துணைத் தளபதி. சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இதில் எனக்குச் சந்தேகம் இருப்பதாகச் சொன்னேன். "பெறவு எப்படித் தம்பி, ராத்திரி இருட்டுல குண்டு சரியா எண்ணெய்த் தொட்டியில போய் விழும்? ஊர் தெரிஞ்சவன் உள்ள இருந்திருக்கணும்லா?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். அதைத்தான் முதலில் துரத்தினேன்.

எம்டனில் இருந்தவர்கள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் புத்தகம் எழுத மறுத்தாலும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஹெல்முட் ஃபான் மூக்கே 1915-லேயே தன் அனுபவங்களை வெளியிட்டுவிட்டார். ஹோஹென்சாலர்ன் அரச குடும்பத்து ஃபிரான்ஸ் ஜோசப் கப்பலில் இளம் அதிகாரியாக இருந்தவர், அவரும் எழுதினார். இருவரும் அற்ப விஷயங்களைக்கூட விடாதவர்கள். வங்கக் கடலில் செப்டம்பர் 10 அன்று சிக்கிய 'இண்டஸ்' கப்பலில் சோப்புப் பெட்டிகள் கிடைத்து எல்லோரும் மகிழ்ந்தது, துணி வெளுக்கச் சீனர்களைக் கப்பலிலேயே வைத்திருந்தது எல்லாம் இந்த நினைவுகளால்தான் நமக்குத் தெரிகிறது. சலவைக்காரருக்குக்கூட இடம் தந்த கதையில், பிரிட்டிஷ் ஆட்சியைக் கவிழ்க்கத் துடித்த ஓர் இந்தியருக்கு ஒரு வரி இல்லை. 1915-ல் ஜெர்மனிக்கு அதைவிட நல்ல பிரசாரச் செய்தி வேறு எது? இருந்திருந்தால் மூக்கே விட்டிருப்பாரா?

சரி, குண்டு எப்படிக் குறி தப்பாமல் விழுந்தது? சென்னை அன்று விளக்குகளை அணைக்கவில்லை. உயர்நீதிமன்றக் கோபுரத்துக் கலங்கரை விளக்கம் வழக்கம்போலச் சுழன்றுகொண்டிருந்தது. இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் நெருங்கி வந்து, தேடுவிளக்கை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சுட்டது. கீழ்த்திசைக் கடல்களில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரும் கப்பலில் இருந்தார்: யூலியஸ் லௌடர்பாக். போருக்கு முன் சீனக் கரையோரம் வணிகக் கப்பல் கேப்டனாக இருந்து, பிறகு கடற்படையில் சேர்க்கப்பட்டவர். பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த செய்தித்தாள்களோ, எந்தக் கப்பல் எங்கே போகிறது என்பதைத் தாங்களாகவே சொல்லின. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளில் பர்மா ஆயில் கம்பெனியின் இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' கப்பலில் இருந்தவர்கள் உள்பட குறைந்தது 5 பேர் இறந்தார்கள். நம் வீரக்கதையில் இந்த ஐந்து பேர் வருவதே இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

இல்லாததைக் காட்டுவது மட்டும் போதாது. அந்த இரவில் செண்பகராமன் வேறெங்கே இருந்தார்?

விடை நான் தேடாத இடத்தில் இருந்தது. 1918-ல் நீதிபதி சிட்னி ரௌலட் தலைமையிலான ராஜத்துரோகக் குழு ஓர் அறிக்கை தந்தது. மறு ஆண்டு ரௌலட் சட்டத்துக்கு அடிப்படையானது அதுதான். 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டது பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அதை எடுத்தேன். திருநெல்வேலிச் சீமைக்காரன் வேறு எதற்கு அதை எடுப்பான்? ஜெர்மானியச் சதிகள் பற்றிய பகுதியில் கண் நின்றது. செண்பகராமன் பிள்ளை என்ற தமிழ் இளைஞர், சூரிச்சில் சர்வதேச இந்திய ஆதரவுக் குழுவின் தலைவர். 1914 செப்டம்பரில் அங்குள்ள ஜெர்மானியத் தூதரக அதிகாரியை அணுகி, பிரிட்டிஷாருக்கு எதிரான வெளியீடுகளை ஜெர்மனியில் பதிப்பிக்க அனுமதி கேட்கிறார். அக்டோபரில் சூரிச்சை விட்டு, ஜெர்மானிய வெளியுறவுத் துறையின் கீழ் வேலை செய்ய பெர்லின் போகிறார். சாரம் இவ்வளவுதான்.

செப்டம்பரில் சூரிச், அக்டோபரில் பெர்லின். நடுவில் சென்னைக் கடல் எப்படி வரும்?

அறிக்கை எழுதியவர்கள் பகைவர்கள், அவர்களை நம்பலாமா என்று கேட்கலாம். பகைவர் என்பதாலேயே இந்த இடத்தில் நம்புகிறேன். செண்பகராமனை எம்டனோடு சேர்க்கச் சிறு துரும்பு கிடைத்திருந்தாலும், அடக்குமுறைச் சட்டம் கேட்டு எழுதிய அந்தக் குழு அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

கப்பலின் நாட்காட்டியும் இதையே சொல்கிறது. எம்டன் 1914 ஜூலை 31 அன்று சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்டாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. ஆகஸ்ட் நடுவில் பேகன் தீவில் அட்மிரல் ஃபான் ஸ்பேயின் படையணியிலிருந்து பிரிந்து தனியே இந்தியப் பெருங்கடல் நோக்கி வந்தது. பிறகு எந்த ஐரோப்பியத் துறைமுகத்தையும் அது பார்க்கவில்லை. சூரிச்சில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த 23 வயது இளைஞர் ஜூலைக்குள் சிங்டாவ் போய் ஏறி, செப்டம்பரில் சூரிச்சில் மனுவும் கொடுத்திருக்க வேண்டும்.

முடிவிலும் அவருக்கு இடமில்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனைச் சல்லடையாக்கியது. மூழ்கிவிடாமல் இருக்க, முல்லர் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறை மேல் கப்பலை ஏற்றினார். 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், எஞ்சியோர் சிறைப்பட்டார்கள். தந்தி நிலையத்தை உடைக்க முன்பே கரை இறங்கியிருந்த மூக்கேயும் சுமார் 50 பேரும் 'ஆயிஷா' என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பினார்கள்; அரேபியா வழியாக 1915-ல் கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தார்கள். அவர்கள் தப்பி ஓடிய மாதங்களில் செண்பகராமன் பெர்லினில், வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலான இந்தியப் புரட்சியாளர்களோடு பெர்லின் கமிட்டியில் உட்கார்ந்திருந்தார்.

எம்டன் அந்தமான் போய்ச் சாவர்க்கரைச் சிறைமீட்கத் திட்டமிட்டது என்றும் ஒரு கதை உண்டு. அக்டோபர் கடைசியில் அது நிக்கோபாரின் நான்கவுரியில் நங்கூரமிட்டது உண்மை. நிலக்கரி ஏற்றிக்கொண்டு நேரே பினாங்கு போய், ரஷ்யாவின் 'ஜெம்சுக்' கப்பலை மூழ்கடித்தது. போர்ட் பிளேர் பக்கம் தலைவைக்கவில்லை.

இந்தத் தேடலில் என்னை அதிகம் நிறுத்தியது இலங்கைச் செய்தி. யால சரணாலயத்தின் முதல் காப்பாளர் எங்கல்பிரெக்ட் ஒரு போயர். தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினார். எம்டன்காரர்களுக்கு இவர்தான் மாட்டிறைச்சி கொடுத்தார் என்று யாரோ கிளப்பிவிட, கண்டிச் சிறையில் அடைத்தார்கள். எம்டன் அந்தக் கரையில் இறங்கவே இல்லை. 'உள்ளூர்க்காரன் உதவாமல் இத்தனை துல்லியமா?' என்ற அதே அண்ணாச்சியின் கேள்விதான் அங்கேயும். அங்கே அது ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பியது. இங்கே, கப்பலையே பார்க்காத ஒருவரை மேல்தளத்தில் ஏற்றி நிறுத்தியது. பயத்தில் பிறந்த வதந்தியே பின்னாளில் பெருமையாக உருமாறியிருக்கிறது என்பது என் கணிப்பு.

இது எங்களுக்குப் பழக்கமான வேலை. நெற்கட்டான்செவல் புலித்தேவரைக் கைதுசெய்து கொண்டுபோகும் வழியில், சங்கரன்கோவிலில் சாமி கும்பிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் ஜோதியில் மறைந்துவிட்டார் என்பார்கள். கோயிலுக்குள் அதற்கு ஓர் இடமும் காட்டுவார்கள். பிடிபட்டுச் செத்தார் என்று சொல்ல ஊருக்கு மனம் வரவில்லை. அந்தக் கதையில் நான் கைவைக்க மாட்டேன். அந்த முடிவுக்குத் துல்லியமான பதிவு இல்லாத இடத்தை அது நிரப்புகிறது. செண்பகராமன் விஷயம் வேறு. அங்கே பதிவு இருக்கிறது, கதை அதை மறைக்கிறது. அச்சு இயந்திரத்தையும் பத்திரிகையையும் நம்பி ஐரோப்பாவில் இந்தியாவுக்காக வாதாடிய ஒருவரை, பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தால்தான் மதிப்போம் என்கிறோம்.

எம்டனுக்கும் இந்தியர்களுக்கும் உண்மையான தொடர்பு இல்லாமல் இல்லை. லௌடர்பாக் பிடிபட்டுச் சிங்கப்பூரில் சிறை வைக்கப்பட்டபோது காவலுக்கு நின்றவர்கள் ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரியின் இந்தியச் சிப்பாய்கள். அவர் அவர்களிடம் பேசிப் பேசித் தூபம் போட்டார். 1915 பிப்ரவரி 15 அன்று அந்தப் படை கலகத்தில் இறங்கி முகாமைத் திறந்துவிட்டது. லௌடர்பாக் தப்பிப் போனார். சிப்பாய்கள் பலரைச் சுவரோரம் நிறுத்தி, ஊரார் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். இவர்கள் பெயர் எந்தத் திண்ணையிலும் அடிபடுவதில்லை.

செண்பகராமன் 1934 மே மாதம் பெர்லினில் இறந்தார். மனைவி லட்சுமிபாய் அஸ்தியைப் பல ஆண்டுகள் காத்து வைத்திருந்தார். 1966 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் 'ஐஎன்எஸ் டெல்லி' அதை பம்பாயிலிருந்து கொச்சிக்கு ஏற்றி வந்தது. அந்தக் கப்பலின் பழைய பெயர் 'அக்கிலீஸ்'. 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கடலில் ஜெர்மனியின் 'கிராஃப் ஸ்பே'யோடு மோதிய மூன்று கப்பல்களில் ஒன்று. எம்டனை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பிவைத்த அதே அட்மிரல் ஸ்பேயின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, "இதையும் நீயா கட்டினதா தம்பி?" என்று கேட்டார்.