பிளாஸ்டிசால் மை

பிளாஸ்டிசால் மை என்பது பாலிவினைல் குளோரைடு (பிவிசி) நுண்துகள்களும் நிறமித் துகள்களும் எண்ணெய் போன்ற நெகிழியாக்கி நீர்மத்தில் கரையாமல் பரவியுள்ள கலவை ஆகும். திருமுருகன்பூண்டி உள்ளிட்ட திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியில் பனியன் துணிகளில் திரை அச்சிடப் பயன்படும் மைகளுள் இதுவும் ஒன்று.

நிலைப்புத்தன்மை

ஸ்டோக்ஸ் விதிப்படி, பெரிய துகளும் அடர்த்தி மிகுந்த துகளும் விரைந்து படியும். நீர்மத்தின் பாகுநிலை கூடினால் படிவு குறையும். நெகிழியாக்கியின் அடர்த்தி ஏறத்தாழ நீரினுடையதே. வெள்ளை நிறமியான டைட்டானியம் டைஆக்சைடு நீரைவிட 4 மடங்கு அடர்த்தியானது. எனவே அது படிய முற்படும். எண்ணெயில் மின்விலக்கு விசை வலுக்குறைந்தது. ஆகவே துகள்களின் மேற்பரப்பில் ஒட்டும் பரவலாக்கிகளே அவை திரளாமல் காக்கின்றன.

சேமிப்பு

இம்மை அறை வெப்பநிலையில் உலராது. சுமார் 160 பாகை செல்சியஸில் பிவிசி துகள்கள் நெகிழியாக்கியை உறிஞ்சி, ஒன்றிணைந்து படலமாகின்றன. வெயிலில் வைத்த மையிலும் இவ்வுறிஞ்சல் மெல்ல நிகழ்வதால் மை கெட்டிப்படும். படிந்த நிறமியைக் கலக்கி மீட்கலாம். வெப்பத்தால் கெட்டிப்பட்ட மையைக் கலக்கிப் பழைய நிலைக்குக் கொணர இயலாது.