மண்ணுக்குத் திரும்பும் வழி

பதுளைக்குத் தென்கிழக்கே முகில் சூழ நிற்பது நமுனுகுல மலைத்தொடர். ஒன்பது சிகரங்கள் என்பது அப்பெயரின் பொருள். இம்மலைச் சாரலில் ஒரு சுழற்சி எவ்வாறு அறுந்தது என்பதையே இன்று எண்ணிப் பார்க்க விழைகின்றேன்.

முற்காலத்து ஊவாக் கிராமம் வயல், வீட்டுத்தோட்டம், சேனை, காடு ஆகிய நான்கும் சேர்ந்ததாகும். காட்டில் மேய்ந்த மாடு வயலுக்கு எரு தந்தது. வயலின் வைக்கோல் மாட்டுக்கு உணவாயிற்று. மண்ணில் விளைந்தது பெரும்பாலும் மண்ணுக்கே திரும்பிற்று.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவ இயலாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய நிலமாக்கியது. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1924இல் பதுளையை எட்டிய புகைவண்டி தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் சென்றது. கொழுந்தோடு மண்ணின் சத்தும் கடல் கடந்தது. அதனை ஈடுசெய்ய உரம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதாயிற்று.

எனினும் தோட்டத்துள் ஒரு சிறு சுழற்சி எஞ்சியிருந்தது. கவ்வாத்துச் செய்த கிளைகளும் முள்முருங்கைத் தழையும் தேயிலையின் அடியிலேயே இடப்பட்டன. லயங்களின் அருகே மாடு வளர்த்த தொழிலாளர் அதன் சாணத்தைத் தம் காய்கறிப் பாத்திகளுக்கு இட்டனர். இந்தியாவின் இந்தூரில் அல்பேர்ட் ஹோவார்ட் இத்தகைய பழைய வழக்கங்களை ஆராய்ந்து, தழையையும் சாணத்தையும் அடுக்கிச் சுமார் மூன்று திங்களில் கூட்டெருவாக்கும் முறையை 1931இல் நூலாக வெளியிட்டார்.

ஆனால் அறிவு மட்டும் போதுமா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்ட மக்களுக்குச் செலவிடத் தடையாய் நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டுகள் லயத்துப் பாதையும் குப்பையும் சபையின் கணக்குக்குப் புறம்பாகவே கிடந்தன.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. தேவையான கூட்டெருவை எங்கே சேர்ப்பது, எங்கே பதப்படுத்துவது, எவ்வழியே மலையேற்றுவது என்பவை முன்னரே வகுக்கப்பட்டிருக்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை விளைச்சல் 2022இல் 25 கோடியாக வீழ்ந்தது. உரக்குறைவு அதற்கு முக்கியமானதொரு காரணமாகும். ஆணையொன்றினால் மட்டும் சுழற்சியைத் தோற்றுவிக்க இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பதுளைச் சந்தையில் அழுகும் மரக்கறி ஒருபுறம். எருவின்றி மெலியும் மலைச்சரிவு மறுபுறம். இவ்விரண்டையும் இணைப்பதே இன்று சுழற்சிப் பொருளாதாரம் எனப்படுகிறது. நகரையும் கிராமத்தையும் தோட்டத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்துத் திட்டமிட்டாலன்றி அவ்விணைப்புக் கைகூடாது. பழைய கிராமம் நான்கு நிலங்களைச் சேர்த்தே வாழ்ந்தது. லயத்தையும் சேர்த்து எண்ணுவதே நாம் செய்யவேண்டிய முதற்பணி.