அஞ்சனமும் இஸ்மிதும்: கண் மையின் வரலாறு

சிங்காநல்லூரிலிருந்து நொய்யலைக் கடந்து தெற்கே சென்றால் வெள்ளலூர் வரும். 1842ஆம் ஆண்டில் இவ்வூரில் உரோமப் பேரரசின் வெள்ளிக் காசுகள் அடங்கிய புதையல் ஒன்று வெளிப்பட்டது. பின்னரும் இங்கு உரோமக் காசுகள் கிடைத்தன. மேலைக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகள் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குநாட்டுக்குள் நுழைந்து, நொய்யற்கரையைத் தொட்டபடியே கொடுமணல், கரூர் வரை சென்றன என்பதற்கு இக்காசுகள் சான்று பகர்கின்றன.

அச்சரக்குகள் எவை? கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் நூல் முசிறிக்கு வந்த பொருள்களைப் பட்டியலிடுகிறது. பவளம், கண்ணாடி, செம்பு, வெள்ளீயம், காரீயம், மது ஆகியவற்றோடு 'ஸ்டிம்மி' என்ற ஒரு பொருளும் அதில் இடம்பெற்றுள்ளது. கண்ணுக்கு மையிடப் பயன்பட்ட கரிய கனிமப் பொடியே அது. எகிப்தியர் வழங்கிய சொல்லைக் கிரேக்கர் 'ஸ்டிம்மி' ஆக்கினர். உரோமர் அதனை 'ஸ்டிபியம்' என்றனர். ஆன்டிமனித் தனிமத்துக்கு வேதியியலார் இன்றும் வழங்கும் 'எஸ்.பி.' என்ற குறியீடு இந்த ஸ்டிபியத்திலிருந்து வந்ததுதான். அரபுகள் அக்கல்லை 'இஸ்மித்' என்றனர். தமிழர் அஞ்சனக்கல் என்றனர்.

ஆக, சுருமா என்பது முஸ்லிம்களோடு தமிழகத்துக்கு வந்த அயல்வழக்கு என்று கருதுவோரும், கண் மை என்பது இஸ்லாமியப் பண்பாட்டுக்குப் புறம்பான அலங்காரம் என்று கருதுவோரும் ஒருசேரப் பிழைபடுகின்றனர். இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அரபிக்கடலின் இரு கரைகளையும் இப்பொருள் இணைத்திருந்தது.

தமிழிலக்கியத்தில்

சங்கப் பாடல்களில் தலைவியின் கண் 'உண்கண்' எனப்படுகிறது. மையை உண்ட கண் என்பது அதன் பொருள். திருக்குறளின் காமத்துப்பாலில் இரண்டிடங்களில் மையிடும் வழக்கம் உவமையாகவும் காரணமாகவும் வருகிறது. காதலர் கண்ணுக்குள் இருப்பதால், மையெழுதினால் அவர் மறைந்துவிடுவாரோ என அஞ்சி மையெழுதாதிருக்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தியோ, மை தீட்டும்போது தன் கண்ணுக்கு அந்தக் கோல் தெரியாததைப் போல, கணவனை நேரில் காணும்போது அவன் குற்றம் தனக்குத் தெரிவதில்லை என்கிறாள். கோல்கொண்டு மையெழுதுவது அன்றாட வழக்கமாக இருந்தாலன்றி இவ்வுவமை எழுந்திராது. தமிழக அகழாய்வுகளில் கிடைத்துவரும் செம்பாலான அஞ்சனக்கோல்கள் இதனை மெய்ப்பிக்கின்றன.

கண்ணைச் சுற்றி வண்ணம் பூசுதல் என்ற வகையில் பார்த்தால் எகிப்தியர் முன்னோடிகள். இமைக்குப் பச்சை நிறம் தர மாலகைட் என்ற செம்புக் கனிமத்தையும், கருமை தர ஈயக் கனிமமான கலீனாவையும் அவர்கள் அரைத்துப் பயன்படுத்தினர். வெயிலின் கூச்சம், பாலைமணல், ஈக்களால் பரவும் கண்ணோய் ஆகியவற்றிலிருந்து காப்பு தேடுவதும் இதன் நோக்கமாயிருந்தது. அழகும் மருத்துவமும் அன்று ஒரே சிமிழில் இருந்தன.

ஹதீஸ்களில் இஸ்மித்

நபி (ஸல்) அவர்கள் காலத்து அரபகத்திலும் நிலை இதுவே. கண்ணுக்கிடுவனவற்றில் சிறந்தது இஸ்மித் என்றும், அது பார்வையைத் தெளிவாக்கும், இமைமுடியை வளர்க்கும் என்றும் நபியவர்கள் கூறியதாக இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பு அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் பதிவாகியுள்ளது. நபியவர்களிடம் ஒரு சுருமாச் சிமிழ் இருந்ததென்றும், ஒவ்வோர் இரவும் உறங்குமுன் ஒவ்வொரு கண்ணிலும் மூன்றுமுறை இட்டுக்கொள்வார்களென்றும் இமாம் திர்மிதியின் 'ஷமாயில்' தெரிவிக்கிறது. இப்பிந்தைய செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலையினரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இவ்வறிவிப்புகளில் இரண்டு செய்திகள் உற்றுநோக்கத் தக்கவை. ஒன்று, காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. பார்வை தெளிவதே அக்காரணம். மற்றொன்று, நேரம் சொல்லப்பட்டிருக்கிறது; பிறர் பார்க்கும் பகலன்று, உறங்கப்போகும் இரவு. ஆகவே இங்கு முதன்மை பெறுவது கண்ணின் நலமே. மறுபுறம், கணவனை இழந்து இத்தா இருக்கும் பெண் சுருமா இடுவது அலங்காரமாகவே கருதப்பட்டு விலக்கப்பட்டது. நோயின் பொருட்டு இரவில் இட்டுப் பகலில் துடைத்துவிட அனுமதிக்கும் அறிவிப்புகளும் உள்ளன. ஒரே பொருளின் இருமுகத்தையும் ஷரீஅத் பிரித்தறிந்தே பேசியது.

இஸ்மித் எங்கிருந்து வந்தது என்பதையும் நம் அறிஞர்கள் எழுதிவைத்துள்ளனர். ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இப்னுல் கையிம் (ரஹ்), அது இஸ்ஃபஹானிலிருந்து கொண்டுவரப்படும் கருங்கல் என்றும், அதுவே சிறந்ததென்றும், மேற்கு நாடுகளிலிருந்தும் வருவதுண்டு என்றும் குறிப்பிடுகிறார்.

கஹ்ஹால்களும் முஹ்தஸிபும்

அரபியில் கண்ணுக்கிடும் பொடி 'குஹ்ல்'. கண் மருத்துவர் 'கஹ்ஹால்'. மை தீட்டுபவர் என்ற சொல்லே கண் மருத்துவர் என்ற பொருளைப் பெற்றது இஸ்லாமிய நாகரிகத்தின் தனிச்சிறப்பைக் காட்டும். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) கண்ணைப் பற்றிப் பத்து ஆய்வுரைகள் எழுதினார். பதினோராம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈசா எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' நூற்றுக்கு மேற்பட்ட கண்ணோய்களை விளக்குகிறது. அதே காலத்தவரான அம்மார் அல்-மவ்ஸிலி, உள்துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சியெடுக்கும் முறையை விவரித்தார். ஐரோப்பியர் 'அல்-குஹ்ல்' என்ற சொல்லை எடுத்துச்சென்று முதலில் நுண்பொடிக்கும், பின்னர் காய்ச்சி வடித்த சாரத்துக்கும் வழங்கினர். 'ஆல்கஹால்' என்ற சொல் பிறந்த கதை இது.

இக்கலையின் மறுபக்கத்தையும் நம் முன்னோர் மறைக்கவில்லை. சந்தையைக் கண்காணிக்கும் அதிகாரிக்கு 'முஹ்தஸிப்' என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அல்-ஷைஸரி, முஹ்தஸிபுகளுக்கென எழுதிய 'நிஹாயத்துர் ருத்பா'வில் கஹ்ஹால்களுக்கெனத் தனி அத்தியாயம் உண்டு. ஹுனைனின் நூலில் தேர்வுவைத்து, கண்ணின் அமைப்பையும் நோய்களையும் மருந்துகளின் கலவையையும் அறிந்தவரையே தொழில்செய்ய விடவேண்டும் என்கிறார். தெருத்தெருவாகத் திரியும் கஹ்ஹால்கள் பலர் நம்பத்தக்கவரல்லர், அவர்கள் விற்கும் பொடிகளில் கலப்படம் உண்டு என்றும் எச்சரிக்கிறார். சுன்னத்தான பொருள் என்ற பெயரைக் கேட்டதும் அன்றைய சமூகம் சோதனையைக் கைவிட்டுவிடவில்லை. கண்ணுக்குள் செல்வது என்பதால் கூடுதலாகவே சோதித்தது.

கொங்கு வீடுகளில்

கொங்குநாட்டு முஸ்லிம்களில் தமிழ் பேசும் ராவுத்தர்களும் உருது பேசுவோரும் ஹனஃபி மத்ஹபினர். கோவை ஒப்பணக்கார வீதியில் நிற்கும் அத்தர் ஜமாஅத் பள்ளிவாசலின் பெயரே நறுமண வணிகர்களை நினைவூட்டும். அத்தர் கடையில் அத்தரோடு மிஸ்வாக்கும் தஸ்பீஹும் சுருமாவும் விற்பனைக்கு இருப்பது நாமறிந்ததே. கல்லை அரைத்த சுருமா கடைப்பொருள். வீட்டில் செய்ததோ வேறு. அது விளக்குக்கரியால் ஆன மை. சமய வேறுபாடின்றித் தமிழகப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த கைப்பக்குவம் அது.

முதலில், தூய வெள்ளைப் பருத்தித் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்துவர். இவ்வாறு சிலமுறை நனைத்து உலர்த்திய துணியைத் திரியாகத் திரிப்பர். அகலில் விளக்கெண்ணெய் ஊற்றித் திரியை ஏற்றுவர். கொங்கின் மானாவாரிக் காடுகளில் ஆமணக்கு விளைந்ததால் விளக்கெண்ணெய்க்குக் குறைவில்லை. அகலின் இருபுறமும் செங்கல் வைத்து, அதன்மேல் சுடர் தொடுமாறு செம்புத் தட்டையோ புதுச் சட்டியையோ கவிழ்ப்பர். காற்றசையாத மூலையில் இரவு முழுதும் எரியும் விளக்கின் புகைக்கரி தட்டின் அடியில் படியும். விடிந்ததும் அதனை வழித்தெடுத்து, சில சொட்டு விளக்கெண்ணெயோ நெய்யோ விட்டு விரலால் குழைத்துச் சிமிழில் அடைப்பர். சிலர் சிறிது பச்சைக் கற்பூரமும் சேர்ப்பர்.

வேதியியல் நோக்கில் இந்த மை பெரும்பாலும் கரி. இதில் ஆன்டிமனியும் இல்லை, ஈயமும் இல்லை. நம் பாட்டிமார் இதை அறிந்து செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கைக்கெட்டிய எண்ணெயையும் பருத்தியையும் மூலிகையையும் கொண்டு அவர்கள் செய்த பொருள், கடையில் வாங்கிய கற்பொடியைவிட ஒருவகையில் பாதுகாப்பானதாக அமைந்தது. தமிழ் மருத்துவ மரபில் அஞ்சனமும் கலிக்கமும் கண்ணுக்குரிய தனி மருத்துவ முறைகள். அம்மரபில் முஸ்லிம்களுக்கும் பங்குண்டு. ஹக்கீம் பா.மு. அப்துல்லா சாயபு எழுதிய 'அனுபோக வைத்திய நவநீதம்' இன்றளவும் சித்த மருத்துவர்கள் கையாளும் நூலாக இருப்பது நமக்குப் பெருமை.

இஸ்மித் என்ற பெயரில்

இனிக் கூறுவது கசப்பானது. ஆயினும் கூறியாக வேண்டும். ஆன்டிமனிக் கல்லும் கலீனாவும் இரண்டுமே கருமையாய், மினுமினுப்பாய் இருப்பவை. அரைத்துவிட்டால் கண்ணால் வேறுபடுத்த இயலாது. கலீனா என்பதோ ஈய சல்பைடு. ஓமானில் பயன்பாட்டிலிருந்த குஹ்ல் வகைகளை ஆய்ந்து 1998இல் வெளியான ஆய்வு, அவற்றுள் பலவற்றின் முதன்மைப் பொருள் கலீனா எனக் கண்டது. பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இத்தகைய முடிவையே தந்துள்ளன. பொட்டலத்தில் இஸ்மித் என்றிருக்கும். உள்ளேயிருப்பது ஈயமாக இருக்கக்கூடும்.

உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கற்கும் ஆற்றலையும் அது குன்றச்செய்யும். இழந்ததை மீட்க இயலாது. கண்ணைக் கசக்கிய கை வாய்க்குச் செல்கிறது. கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் பொடி இறங்குகிறது. நோன்பாளி சுருமா இடலாமா என்ற விவாதத்தில், அதன் சுவை தொண்டையில் தெரிந்தால் சட்டமென்ன என்று நம் ஃபுகஹாக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வினவியிருக்கிறார்கள். ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் நோன்பு முறியாது என்றனர். தொண்டையை அடைந்தால் முறியும் என்றனர் மாலிகிகள். தீர்ப்பு எதுவாயினும், கண்ணிலிட்டது தொண்டையை எட்டுவதை அனைவரும் கவனித்திருந்தனர். இன்று மருத்துவர்கள் அஞ்சும் வழிகளுள் இதுவும் ஒன்று.

எகிப்தியரின் ஈய மை கண்ணைக் காத்தது என்று 2010இல் பிரெஞ்சு அறிவியலார் கண்டறிந்தனரே எனச் சிலர் வினவலாம். அந்த ஆய்வு எகிப்தியர் முயன்று தயாரித்த சில ஈயக் குளோரைடு உப்புகளைப் பற்றியது. மிகமிக நுண்ணிய அளவில் அவை தோல் உயிரணுக்களின் எதிர்ப்புத் திறனைத் தூண்டக்கூடும் என்பதே அதன் முடிவு. கலீனாப் பொடியை நாள்தோறும் கண்ணில் இடுவதற்கு அது சான்றாகாது. ஒப்பனைப் பொருள்களில் நிறத்துக்காக ஈயச் சேர்மங்கள் சேர்ப்பதை இந்திய விதிகள் தடைசெய்கின்றன. ஆயினும் முத்திரையில்லாப் பொட்டலத்தை விதி தேடிவந்து பிடிப்பதில்லை.

வீட்டு மையையும் கண்மூடிப் போற்றவேண்டுவதில்லை. நகம்பட்ட விரலால் பச்சிளங்குழந்தையின் கண்ணுக்குள் மையிடுவதும், ஒரே கோலை வீட்டார் அனைவரும் பகிர்வதும் தொற்றுக்கு வழியாகும். அது எவ்வளவு தூய்மையாகச் செய்யப்பட்டிருப்பினும் குழந்தையின் கண்ணுக்கு வேண்டாம் என்பதே கண் மருத்துவர்களின் அறிவுரை.

சுருமாவைக் கைவிடுங்கள் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. நபிமொழியில் பெயரும் உண்டு, பயனும் உண்டு. பெயரை மட்டும் பற்றிக்கொண்டு, பார்வையைக் கெடுக்கவும் குழந்தையின் அறிவை மழுங்கடிக்கவும் வல்ல பொருளைச் சுன்னத்தென வாங்குவது அந்நபிமொழிக்குச் செய்யும் மரியாதையாகாது. இன்று முஹ்தஸிப் இல்லை. ஆனால் ஜமாஅத்துகள் இருக்கின்றன. உலோக அளவைக் கண்டறியும் ஆய்வுக்கூடங்கள் கோவை போன்ற நகரங்களில் இருக்கின்றன. தம் மஹல்லாவின் கடைகளில் விற்கும் சுருமாவில் ஒரு பொட்டலத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது ஒரு ஜமாஅத்துக்குக் கடினமான பணியன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அல்-ஷைஸரி எழுதிவைத்த கடமை அது. அதுவரை, உள்ளே இருப்பது இன்னதெனத் தெரியாத பொட்டலத்தைக் கண்ணுக்குக் கொண்டுசெல்லாதிருப்போம். குறிப்பாக, நம்மை நம்பி முகம் காட்டும் பிள்ளைகளின் கண்ணுக்கு.