114.3 எங்கிருந்து வந்தது?

அலோய் வீல் வாங்கப் போறவர் முதலில் பார்க்கிறது டிசைனை, அடுத்தது விலையை. "இது நம்மட வண்டிக்குப் போகுமா?" என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். அதற்கும் பெரும்பாலும் கிடைக்கிற பதில்: "நாலு ஓட்டைதானே மச்சான், போகும்."

அந்த "நாலு ஓட்டைதானே" என்ற சொல்லுக்குள் பெரிய சரித்திரம் ஒன்று கிடக்கிறது.

வீலின் நட் ஓட்டைகளுடைய மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் கீறினால், அதன் விட்டத்தைத்தான் கராஜில் பிசிடி என்று சொல்லுறாங்க. 4×100 என்றால் நாலு ஓட்டை, 100 மில்லிமீற்றர் வட்டம். 5×114.3 என்றால் ஐந்து ஓட்டை, 114.3 மில்லிமீற்றர் வட்டம். 100 சரி, முழு எண். இந்த 114.3 என்ன கணக்கு? புள்ளி மூன்று என்று யார் முடிவெடுத்தது? அதை 25.4ஆல் பிரித்துப் பாருங்கள். சரியாக 4.5 வரும். அது நாலரை அங்குலம்.

கார்கள் வந்த தொடக்கத்தில் வீலைக் கழற்றி மாற்றுகிற வசதியே பெரிதாக இல்லை. டயர் பஞ்சரானால் நடுவழியில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி வீதியில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். டயர் பூட்டிய, கம்பியில்லாத ரிம் ஒன்றைப் பஞ்சரான வீலோடு கவ்வவைத்து ஓட்டுகிற முறை அது. தமிழ்நாட்டில் இன்றைக்கும் மேலதிக வீலை 'ஸ்டெப்னி' என்று சொல்வது அந்த வீதியின் பெயரால்தான். பிறகு முழு வீலையும் நட்டால் கழற்றிப் பூட்டுகிற முறை வந்தது. அதோடு ஒவ்வொரு நாடும் தனக்குப் பழகிய அளவில் வட்டம் கீறத் தொடங்கியது.

இங்கிலாந்துக்காரர் கீறிய ஒரு வட்டம் நாலு அங்குலம். மொரிஸ் மைனரும் மினியும் அந்த அளவுதான். அமெரிக்கர் கீறியது நாலரை, ஐந்தரை என்று போனது. வில்லிஸ் ஜீப்பின் வட்டம் ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீற்றர். இன்றைய சுசுகி ஜிம்னியைக் கழற்றி அளந்தாலும் அதே 139.7, அதே ஐந்து ஓட்டை.

யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான் மற்றவர்களுடைய வண்டிகளைப் பூட்டித்தான் கார் செய்யப் பழகியது. 1952இல் நிசான் இங்கிலாந்தின் ஆஸ்டினோடு ஒப்பந்தம் செய்தது. 1953இல் இசுசு ஹில்மனையும், ஹினோ பிரான்சின் ரெனோல்டையும், மிட்சுபிஷி வில்லிஸ் ஜீப்பையும் பூட்டத் தொடங்கின. 1959இல் ஜப்பான் மெட்ரிக் அளவுக்கு மாறியது. காகிதத்தில் அங்குலம் ஒழிந்தாலும் ஹப்பில் ஒழியவில்லை. ஓட்டை துளைக்கிற மெஷின், பிரேக் ட்ரம், வீல் அச்சு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி ஓடுகிற இடத்தில், ஒரு அளவை மட்டும் தனியே மாற்ற ஏலாது. நாலரை அங்குலம் 114.3 என்று பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது.

டயரிலும் இதே கதைதான். 175/65 ஆர் 14 என்று எழுதியிருந்தால் 175 மில்லிமீற்றர், 14 அங்குலம். 1975இல் மிஷலின் நிறுவனம் ரிம்மையும் மில்லிமீற்றரில் செய்து டிஆர்எக்ஸ் என்று விற்றுப் பார்த்தது. நிலைக்கவில்லை.

நம்ம ஊர்களில் பலருக்கும் தெரிந்த டிஎக்ஸ் வேகன் கொரோலாவின் வட்டம் 4×114.3. 1983இல் கொரோலா முன்சக்கர இழுவைக்கு மாறியபோது வட்டம் 4×100 ஆனது. ஆனால் அதே தலைமுறையில் பின்சக்கர இழுவையோடு வந்த ஏஇ86 பழைய 114.3இலேயே நின்றது. ஒரே பெயர், ஒரே காலம், இரண்டு வட்டம். சுசுகியும் அப்படித்தான். மாருதி 800 4×114.3. வேகன் ஆர் 4×100. "ரெண்டும் சுசுகிதானே" என்ற நியாயம் ஹப்புக்கு விளங்காது.

இந்தச் சரித்திரங்கள் எல்லாம் வந்து சந்திக்கிற இடம் நம்மட நாடு. இங்கிலாந்தின் மைனர், ஜப்பானின் ரீகண்டிஷன் கார், இந்தியாவின் மாருதி மூன்றும் ஒரே கராஜில் நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. புது வண்டி வராத காலத்தில் இருக்கிற வண்டியைத்தான் அழகாக்க ஏலும். அதற்குப் பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் கிடைக்கிற பழைய வீல்தான் கைக்கு எட்டுகிறது. ஆசையில் பிழை இல்லை. பிழை வருவது கடைசி மில்லிமீற்றரில்.

மைனரின் நாலு அங்குலம் 101.6 மில்லிமீற்றர். அதில் 4×100 வீலை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 1.6தான். ஒரு ஸ்டட்டுக்கு 0.8. தட்டித் தட்டி இறுக்கினால் உட்கார்ந்துவிடும். அதுதான் ஆபத்து. வீலைத் தாங்குவது ஸ்டட்டின் கம்பி என்று நினைக்கிறோம். உண்மையில் நட் இறுகும்போது வீலும் ஹப்பும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கிற பிடிதான் பாரத்தைத் தாங்குகிறது. வட்டம் தப்பினால் கூம்பு நட் ஒரு பக்கம் மட்டும் உட்காரும். ஸ்டட் சாய்ந்து இழுபடும். ஓட ஓட நட் இளகும். பிறகு ஒருநாள் ஸ்டட் முறியும்.

ஓட்டையை அரத்தால் அகலமாக்குவது இதே பிடியைத்தான் அழிக்கிறது. பழைய ஓட்டையை வெல்டிங்கால் அடைத்துப் புதிதாய்த் துளைத்தால், சூடு பட்ட இடத்தில் அலோயின் பலம் குறையும். வீலில் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பான் முத்திரை இருக்கலாம். அது சோதித்தது பழைய ஓட்டைகளோடு இருந்த வீலைத்தான். நல்ல அடெப்டர் பிசிடியை மாற்றித் தரும். ஆனால் 20, 25 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். அந்த அளவுக்கு வீல் வெளியே தள்ளி நிற்கும், பெயாரிங்கில் பாரம் கூடும்.

சில அலோய் வீல்களில் எட்டு ஓட்டை இருப்பதை ஸ்டைல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது 100க்கு நாலும் 114.3க்கு நாலும். ஜப்பானின் இரண்டு அளவுக்கும் ஒரே வீல் விற்கக் கம்பனிக்காரர் கண்ட வழி அது.

பிசிடி சரியானாலும் வேலை முடியாது. நடு ஓட்டை டொயோட்டாவின் 4×100இல் 54.1, ஹொண்டாவின் 4×100இல் 56.1. ஹொண்டா வீல் டொயோட்டாவில் ஏறும், ஆனால் நடுவில் இடைவெளி இருக்கும். அதை ஹப் ரிங் போட்டு நிரப்ப வேண்டும். டொயோட்டா, ஹொண்டா நட்டின் புரி 1.5. சுசுகி, நிசானுக்கு 1.25. கையால் இரண்டு சுற்று ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது. ஹொண்டாவின் ஒறிஜினல் நட் உருண்டை அடி, வெளி வீல்களுக்குப் பெரும்பாலும் கூம்பு அடி.

மருதமுனை தறிக்காரருக்கு இது புதுப் பாடம் இல்லை. அச்சுக்கும் பாவு நூலுக்கும் கணக்குத் தப்பினால் துணி வீணாகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நஷ்டம் தறியோடு முடியும். வீலின் கணக்குத் தப்பினால் அது ஏ4 வீதியில் போய்த் தீரும். அந்த வீதியில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போற பிள்ளை இருக்கும், பின்சீற்றில் உம்மா இருப்பா.

ஆகவே வீல் வாங்கப் போகும்போது அளவுகோல் கொண்டுபோங்க. நாலு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து என்றால் அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத்தூரத்தை 1.701ஆல் பெருக்குங்க. 58.8 வந்தால் வட்டம் 100. 67.2 வந்தால் 114.3. பூட்டி ஒரு 50 கிலோமீற்றர் ஓடின பிறகு நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்க.