நம் ஊரின் முதல் ரேடியோ கிளப்பும் நம் மொட்டை மாடி ஆன்டெனாவும்



சென்ற பொதுக்குழுவில் வந்த ஒரு கோரிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். நம்மிடையே உள்ள ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கிளப் தொடங்க விரும்பினார்கள். மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பம் நிறுத்த அனுமதியும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பூட்டியே கிடக்கும் சின்ன அறையும் கேட்டார்கள். "இரண்டு வருஷத்தில் ஆர்வம் போய்விட்டால் கம்பத்தை யார் கழற்றுவது? செலவு யார் தலையில் விழும்?" என்று முதலில் மறுப்புச் சொன்னவன் நான்தான். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கணக்கு எழுதியவனுக்கு வேறென்ன தோன்றும்? விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அதன் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். நான் கேட்ட கேள்வி நூறு வருஷத்துப் பழைய கேள்வி என்றும், அதில் நம் சென்னையின் ரேடியோ கிளப்பும் மாட்டிக்கொண்டது என்றும் தெரியவந்தது. அந்தக் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

1924 மே 16-ஆம் தேதி, சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31-ஆம் தேதியே ஒலிபரப்பு ஆரம்பம். இடையில் இரண்டரை மாதம்தான். (நம் பி பிளாக் லிஃப்ட் பழுது பார்க்க அதைவிட அதிக நாள் ஆனது!) அப்போது ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே கிடையாது. பம்பாயில் 1923 ஜூனிலும், கல்கத்தாவில் அதே வருஷம் நவம்பரிலும் இதேபோன்ற கிளப்புகள் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தன. ஆக, நம் நாட்டில் வானொலியைத் தொடங்கி வைத்தது சர்க்காரும் அல்ல, பெரிய கம்பெனியும் அல்ல. கைக்காசு போட்டுச் சேர்ந்த ஆர்வலர்கள்தான்.

நம் ஊர் கிளப்பிடம் முதலில் இருந்தது 40 வாட் டிரான்ஸ்மிட்டர். ஒரு காலத்தில் நம் வீடுகளில் எரிந்த குண்டு பல்பின் அளவு சக்தி! பின்னர் 200 வாட் கருவி வந்தது. மாலை வேளைகளில் இசையும் பேச்சும் ஒலிபரப்பானது. அந்தக் காலத்தில் கேட்பதற்கு எளிய வழி 'கிரிஸ்டல் செட்'. ஒரு துண்டு கனிமக் கல், அதைத் தொடும் மெல்லிய கம்பி, ஒரு கம்பிச் சுருள், காதில் ஹெட்போன். மின்சாரமே வேண்டாம். ஆனால் நீளமான ஏரியல் கம்பி கட்ட வேண்டும், நிலையமும் பக்கத்தில் இருக்க வேண்டும். வால்வு செட் என்றால் தூரத்து நிலையமும் கேட்கும். அதற்குப் பணமும் பேட்டரியும் வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒலிபரப்புக்கு ஒரு வினோத குணம் உண்டு. தெருவிளக்கு மாதிரி அது. மெயின்டனன்ஸ் கட்டாதவர் வீட்டு வாசலிலும் வெளிச்சம் விழத்தான் செய்யும். வானொலி அலைக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. சந்தா கட்டுபவர் சிலர்தான். சும்மா கேட்பவருக்குக் கணக்கே இல்லை. செலவோ ஒவ்வொரு மாலையும் உண்டு. நம் பொருளாளரைக் கேட்டால் இதன் முடிவைச் சொல்லிவிடுவார். பணமுடை தாங்காமல் 1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது.

"பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே!" என்று இந்த இடத்தில் எனக்கும் ஒரு சந்தோஷம் வந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

அதே 1927-இல் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்று ஒன்று முதலீட்டோடு வந்தது. ஜூலையில் பம்பாயிலும், ஆகஸ்டில் கல்கத்தாவிலும் நிலையம் திறந்தது. வானொலிப் பெட்டி வைத்திருந்தால் வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணம். அதில் பெரும்பங்கு கம்பெனிக்குப் போனது. அப்படியும் 1930 மார்ச் 1-ஆம் தேதி அந்தக் கம்பெனி திவாலானது. ஆகவே நம் ஊர் கிளப் தோற்றதற்கு ஆர்வக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. முதலீடு போட்டவர்களாலேயே சமாளிக்க முடியாத தொழில் அது.

கிளப் மூடும்போது என்ன செய்தார்கள் என்பதுதான் என் மனதை மாற்றியது. டிரான்ஸ்மிட்டரை ஏலம் போட்டுக் காசைப் பங்கு பிரித்துக்கொள்ளவில்லை. சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. பூங்காக்களிலும் மெரினாவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். பெட்டி வாங்க முடியாதவரும் கடற்கரை மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். 1938 ஜூன் 16-ஆம் தேதி ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் தொடங்கும்வரை ஊரின் வானொலியை மாநகராட்சிதான் காப்பாற்றியது. மூன்று வருஷத்தில் மூடிய கிளப் என்று பேரேட்டில் எழுதலாம். அதன் பலன் எந்தப் பேரேட்டில் அடங்கும்?

இன்றைய ஹாம் கிளப் வேறு மாதிரி. பாட்டு ஒலிபரப்பச் சட்டம் அனுமதிக்காது, காசு வாங்கிச் செய்தி அனுப்பவும் கூடாது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு எழுதி, லைசென்ஸும் அழைப்புக் குறியும் பெற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். 12 வயதானால் தேர்வு எழுதலாம். மோர்ஸ் சங்கேதம் தெரியாதவர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. செல்போன் இருக்க இது எதற்கு என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2004 டிசம்பரில், டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானில் இருந்தது. உலகத்து ஹாம்களோடு பேசிப் பழகத்தான் போயிருந்தார்கள். 26-ஆம் தேதி சுனாமி. தொலைபேசி அறுந்துபோன போர்ட் பிளேரிலிருந்து தவித்த குடும்பங்களுக்குச் செய்தி சொன்னது அவர்கள் கருவிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் சென்னையிலும் ஹாம்கள் உதவிக்கு வந்தார்கள். அந்த வெள்ளத்தில் முடிச்சூரில் இருந்த என் அக்கா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் இரண்டு இரவு இதே மொட்டை மாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிக்னல் வரவில்லை. பக்கத்தில் நின்ற உங்களில் சிலருக்கு அது ஞாபகம் இருக்கலாம்.

ஆகவே என் மறுப்பை வாபஸ் வாங்குகிறேன். நான்கு நிபந்தனைகள் மட்டும் சொல்கிறேன். கம்பத்துக்கு முறையான இடி எர்த் போட வேண்டும். கம்பத்தைக் கழற்றும் செலவுக்கு முன்கூட்டியே டெபாசிட் கட்ட வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே பேச வேண்டும். நான்காவதை 1927 எனக்குக் கற்றுத் தந்தது: கிளப் ஒருநாள் மூடினால், கருவிகள் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இப்போதே விதியில் எழுதிவிடுவோம்.

அடுத்த பொதுக்குழுவுக்கு அவசியம் வாருங்கள். இந்த முறை ஆதரவாக முதலில் கை தூக்கப்போவது நான்தான்.