தைராய்டு

நீள்வடிவக் கேடயத்தைக் குறிக்கும் 'தைரியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே 'தைராய்டு' என்பதன் வேர். தமிழில் வழங்கும் 'கேடயச் சுரப்பி' அதன் நேர்ப்பெயர்ப்பு. ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன் 1656இல் இப்பெயரைச் சுரப்பிக்குச் சூட்டினார் எனினும், உண்மையில் கேடயம் போன்றிருப்பது அதற்கு மேலே குரல்வளையின் முன்புறத்தை மூடி நிற்கும் குருத்தெலும்பே ஆதலின், வண்ணத்துப்பூச்சி வடிவினதான சுரப்பிக்கு இஃது இரவல் பெயர்தான்.

இச்சுரப்பி வீங்கிக் கழலையாகி உணவுக்குழாயை அழுத்தும்போது தொண்டையில் உருண்டை அடைத்தாற்போலத் தோன்றலாம். கழலையின்றியும் தோன்றும் அவ்வுணர்வை, உருண்டை எனப் பொருள்படும் 'குளோபஸ்' என்னும் இலத்தீன் சொல்லால் மருத்துவர் குறிப்பர். முன்னாளில் இதனோடு, கருப்பையைச் சுட்டும் கிரேக்க வேரினின்று வந்த 'ஹிஸ்டீரிகஸ்' என்னும் அடையைச் சேர்த்துப் பெண்களின் மனநோயாக ஒதுக்கியது நியாயமன்று. எச்சில் விழுங்குகையில் மிகுந்து, உணவு விழுங்குகையில் தணிவது குளோபஸின் இயல்பு; உணவே தடைபடுவதும், விழுங்கும்போது மேலெழுந்து இறங்கும் கட்டி கழுத்தில் தென்படுவதும் பரிசோதனைக்குரியவை.